பழைய பொருளை ஆன்லைனில் விற்கவும் வாங்கவும்: மனஸ்தாபம் இல்லாமல் முடிக்கும் வழி

ஓஎல்எக்ஸிலோ, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸிலோ, அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவிலோ பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். அரை மணி நேரத்தில் வரும் மெசேஜ்கள் ஏறக்குறைய ஒரே அச்சு: "இருக்கா?", "லாஸ்ட் எவ்ளோ?", "நம்பர் அனுப்புங்க ப்ரோ". பதில் போட்டால் அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. வாங்க வருபவரிடம் கேட்டால் அவருக்கும் ஒரு பட்டியல் இருக்கும்: தாம்பரத்திலிருந்து அம்பத்தூர் வரை போய் நின்றால், "இப்பத்தாங்க ஒருத்தர் எடுத்துட்டுப் போனாரு" என்பார்கள்.

இந்த வியாபாரத்தில் கடை இல்லை, மேனேஜர் இல்லை, பொருளைத் திருப்பித் தர கவுண்டர் இல்லை. முன்பின் தெரியாத இருவர் பேசி முடித்துக்கொள்ள வேண்டும். எதிராளியின் அரை நாளும் வண்டிச் செலவும் வீணாகாமல் பார்த்துக்கொள்வதுதான் இங்கே முதல் மரியாதை. "சார்", "மேடம்" எல்லாம் அதற்கப்புறம். கீழே சொல்வது தமிழ்நாட்டில் முதல்முறை விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும். ஃபிரிட்ஜ், போன், பைக் மூன்றையும் வைத்தே பேசுவோம். சிக்கல் அதிகம் வருவது இவற்றில்தான்.

விளம்பரம் எழுதுவது

வாங்குபவர் கேட்கப்போகும் கேள்விகளுக்கு விளம்பரத்திலேயே பதில் இருக்க வேண்டும். இப்படி:

"ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ், 190 லிட்டர். 2020-இல் வாங்கியது, பில் இருக்கிறது. நன்றாகக் குளிர்கிறது. காய்கறி ட்ரே உடைந்திருக்கிறது, கைப்பிடி பக்கத்தில் துரு (4-வது படம்). வீடு மாறுவதால் கொடுக்கிறோம். வேளச்சேரி, இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ₹6,500, கொஞ்சம் பேசலாம். 28-ம் தேதிக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். காலை 9 முதல் இரவு 8 வரை கூப்பிடலாம்."

இதில் புதியவர்கள் விட்டுவிடும் வரி "இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது". இது தெரிந்தால்தான் வாங்குபவர் தூக்க ஆள் கூட்டி வருவார். தெரியாமல் டிரைவரை மட்டும் கூட்டி வந்தால், மாடிப்படியில் நின்றுகொண்டு ஆள் தேடுவார். அந்தக் கூலியை உங்கள் விலையில் கழிக்கச் சொல்வார். பேச்சு அங்கேதான் கெட ஆரம்பிக்கும்.

படங்கள் ஆறிலிருந்து எட்டு போதும். பகல் வெளிச்சத்தில் எடுங்கள். கம்பெனி வெப்சைட்டிலிருந்து எடுத்த படத்தைப் போடாதீர்கள். பார்ப்பவர் அதிலேயே நம்பிக்கை இழப்பார். மாடல் எண் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் ஒரு படம், ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் ஒரு படம், குறை ஒவ்வொன்றுக்கும் கிட்டத்தில் ஒரு படம். கீறல் எவ்வளவு நீளம் என்று தெரிய பக்கத்தில் ஒரு நாணயத்தை வையுங்கள். பில்லைப் படம் எடுத்தால் பெயர், முகவரி, போன் எண்ணையும், போன் பெட்டியைப் படம் எடுத்தால் ஐஎம்இஐ எண்ணையும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) மறைத்துவிடுங்கள்.

குறையைச் சொன்னால் விலை போகாது என்று பலர் நினைக்கிறார்கள். சொன்ன குறைக்கு ஒருமுறைதான் விலை குறையும். சொல்லாத குறை வாசலில் வெளிப்பட்டால் வியாபாரமே நின்றுபோகும். போனில் டிஸ்ப்ளே மாற்றியது, பைக்கில் பட்டி பார்த்தது, ஃபிரிட்ஜில் கேஸ் ஏற்றியது, இந்த மூன்றையும் பழகிய கண் இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்துவிடும்.

விலை

அதே மாடலுக்கு உங்கள் ஊரில் இருக்கும் எட்டு, பத்து விளம்பரங்களைப் பாருங்கள். அதில் இருப்பது கேட்கிற விலை. கைமாறும் விலை அதைவிடக் கீழே இருக்கும். கடையில் எக்ஸ்சேஞ்சுக்கு எவ்வளவு தருவார்கள் என்றும் ஒரு போன் போட்டுக் கேளுங்கள். உங்கள் விலை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். நீங்கள் வாங்கிய விலைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பேரத்துக்கென்று 5 முதல் 10 சதவீதம் ஏற்றி வைப்பது ஊர் வழக்கம். அதைத் தாண்டி ஏற்றினால் நியாயமான ஆட்கள் மெசேஜே போட மாட்டார்கள். விலை இடத்தில் ₹1 என்று போட்டு "இன்பாக்ஸ் வாங்க" என்பது எல்லோரையும் எரிச்சலூட்டும் வேலை. குறைக்க முடியாது என்றால் "விலை பேசுவதற்கில்லை" என்று எழுதுங்கள், பிறகு நீங்களும் அதை மீறாதீர்கள்.

முதல் மெசேஜ்

வாங்குபவரே, "இருக்கா?" என்று மட்டும் அனுப்பினால் பதில் வராததற்குக் காரணம் திமிர் இல்லை. அப்படி அனுப்புபவர்களில் பெரும்பாலோர் அடுத்த மெசேஜ் போடுவதில்லை என்று விற்பவருக்குப் பழகிவிட்டது. இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம். உங்க 190 லிட்டர் ஃபிரிட்ஜ் விளம்பரம் பார்த்தேன். நான் மேடவாக்கம். ஞாயித்துக்கிழமை வந்து பார்க்க முடியும், வண்டி நானே கொண்டு வருவேன். கம்ப்ரஸர் எப்பவாவது மாத்தியிருக்கீங்களா? கேஸ் ஏத்தியிருக்கீங்களா?"

எங்கிருந்து வருகிறீர்கள், எப்போது, எப்படி எடுப்பீர்கள், என்ன தெரிய வேண்டும், நாலும் வந்துவிட்டது. விளம்பரத்தில் ஏற்கெனவே இருப்பதைத் திரும்பக் கேட்காதீர்கள். வாங்கி மறுவிற்பனை செய்பவர் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள். "என் தங்கச்சி கல்யாணத்துக்கு" என்று உருக்கமாகப் பேசி வாங்கி, மறுநாள் அதே படத்தோடு ₹2,000 ஏற்றி விளம்பரம் போடும் ஆட்களை விற்றவர்களும் பார்க்கத்தான் செய்கிறார்கள்.

"ப்ரோ" வேண்டாம். எதிரில் இருப்பவர் அறுபது வயதுப் பெரியவராகவும் இருக்கலாம், ஒரு அம்மாவாகவும் இருக்கலாம். வயது தெரியாதபோது பெயரோ உறவோ இல்லாமல், "சொல்லுங்க", "பார்க்கலாமாங்க" என்று முடித்தாலே போதும். விற்பவர் பெண் என்றால் பொருளைத் தவிர வேறு கேள்வி கிடையாது. டிபி பற்றிப் பேசுவது, இரவு பதினொரு மணிக்கு "ஹாய்", வியாபாரம் முடிந்தபின் "சாப்டாச்சா" எல்லாம் தொல்லைதான், அதில் பேச்சே இல்லை. அப்படி வந்தால் பதில் சொல்லிக்கொண்டிருக்காமல் பிளாக் செய்து, அந்தத் தளத்திலேயே புகார் கொடுங்கள். செயலியில் போன் எண்ணை மறைக்கும் வசதி இருந்தால் முதலிலேயே மறைத்துவிட்டு, நாள் குறித்த பிறகு எண்ணைக் கொடுத்தால் போதும்.

விற்பவர் பக்கம் ஒரே கடமை: பதில் சொல்வது. பேச்சு முடிந்துவிட்டால் "வேற ஒருத்தர் ஞாயிறு வர்றார், அவர் எடுக்கலைன்னா சொல்றேன்" என்று ஒரு வரி போடுங்கள்.

பேரம்

பேரம் பேசுவதில் தப்பே இல்லை. எங்கே, எப்போது என்பதில்தான் தப்பு நடக்கிறது. கிளம்புவதற்கு முன்பே, போனிலோ மெசேஜிலோ, எண்ணோடு பேசுங்கள். "குறைச்சு சொல்லுங்க" என்றால் விற்பவர் எதைக் குறைப்பார்? "₹5,800-க்குத் தருவீங்களா, நாளைக்கே எடுத்துக்கிறேன்" என்றால் அவரும் ஒரு எண்ணோடு திரும்பி வருவார். பாதி விலைக்குக் கேட்பது பேரத்தில் சேராது. அப்படிக் கேட்டவருக்குப் பதில் வராவிட்டால் கோபப்படவும் இடமில்லை.

மெசேஜில் ₹6,000 என்று பேசி முடித்துவிட்டு, வண்டியோடு வந்து நின்று "₹4,500 தான் இருக்கு" என்பது இந்தத் தொழிலில் இருப்பதிலேயே மோசமான பழக்கம். உங்களை நம்பி அவர் ஃபிரிட்ஜைக் காலி செய்து துடைத்து வைத்திருக்கிறார், கேட்ட மற்றவர்களுக்கு இல்லையென்று சொல்லிவிட்டார், நாளை மறுநாள் வீடு மாற வேண்டும். அந்த நெருக்கடியில் கிடைக்கும் ₹1,500 அது. இதற்கு நேரெதிர் விற்பவர் செய்வது: ஆள் பாதி வழியில் இருக்கும்போது "இன்னொருத்தர் ₹500 கூடத் தர்றேங்கிறார்" என்று போன் போடுவது. இரண்டும் ஒரே ரகம்தான்.

வாசலில் விலை மாற ஒரே நியாயமான காரணம், விளம்பரத்தில் சொல்லாத குறை. அதைத் தொட்டுக் காட்டி, சரிசெய்ய என்ன ஆகும் என்று பேசுங்கள். ஃபிரிட்ஜ் கதவிடுக்கில் ஒரு ரூபாய் நோட்டை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தாராளமாக வந்துவிட்டால் கதவு ரப்பர் தளர்ந்திருக்கிறது. அங்கேயே ஒரு மெக்கானிக்குக்கு போன் போட்டு ரப்பர் மாற்றும் செலவைக் கேட்டு, அதைக் கழிக்கச் சொல்லலாம். பொருளின் குறையைத்தான் பேச வேண்டும், வைத்திருந்தவரின் வீட்டுச் சுத்தத்தைப் பேசக்கூடாது.

முதலில் மெசேஜ் போட்டவருக்கா, முதலில் காசு நீட்டியவருக்கா என்ற குழப்பத்துக்கு எளிய வழி, முதலில் நாளும் நேரமும் குறித்தவருக்கு என்று வைத்துக்கொள்வது. சொன்ன நேரம் தாண்டி ஒரு மணி நேரம் தகவல் இல்லையென்றால் அடுத்தவரைக் கூப்பிடலாம், யாரும் குற்றம் சொல்ல முடியாது.

டோக்கன்

நேரில் பார்த்துப் பிடித்துவிட்டது, வண்டி நாளைக்குத்தான் கிடைக்கும் என்றால் டோக்கன், அதாவது சின்ன முன்பணம், கொடுப்பது நல்லது. ₹6,000-க்குப் பேசி முடித்த ஃபிரிட்ஜுக்கு ₹500 போதும், பைக்குக்கு ₹1,000 அல்லது ₹2,000. பார்க்காமல் டோக்கன் அனுப்பாதீர்கள், கேட்கவும் செய்யாதீர்கள். ஏமாற்றுக்காரர்கள் கேட்பது அதைத்தான். பணம் வந்ததும் விற்பவர் எழுத்தில் அனுப்ப வேண்டியது:

"₹500 டோக்கன் வந்தது. பாக்கி ₹5,500. ஞாயிறு மாலை 7 மணி வரை வேற யாருக்கும் கொடுக்க மாட்டேன். நீங்க வரலைன்னா டோக்கன் திரும்பாது. எடுக்க வரும்போது ஃபிரிட்ஜ் ஓடலைன்னா முழுசா திருப்பித் தந்திடுவேன்."

இது இல்லாததால்தான் ₹500-க்கு இருவரும் மாதக்கணக்கில் சண்டை போடுகிறார்கள்.

பார்க்க வருவது

நாள் குறிக்கும்போது நம் ஊரில் இன்னொரு காலண்டரும் உண்டு. ஞாயிறு மாலை எல்லோருக்கும் வசதி, ஆனால் 4:30 முதல் 6 வரை ராகு காலம். முடித்துக் காசு கொடுக்கும் நேரம் அதில் விழுந்தால் சிலர் யோசிப்பார்கள். சில வீடுகளில் வெள்ளிக்கிழமையோ, விளக்கு வைத்த பிறகோ பொருளை வெளியே கொடுக்க மாட்டார்கள். உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதா என்பது கேள்வியில்லை. "எந்த நேரம் உங்களுக்கு ஒத்துவரும்?" என்று முன்பே கேட்டால் வாசல்வரை வந்து திரும்ப வேண்டியதில்லை.

போன், கேமரா மாதிரிச் சின்னப் பொருளுக்கு மெட்ரோ ஸ்டேஷன் வாசல், மால், காபி கடை என்று ஆள் நடமாட்டம் உள்ள இடம் நல்லது. பெரிய பொருளுக்கு வீட்டுக்குத்தான் போயாக வேண்டும். விற்பவர் லொகேஷனோடு ஒரு அடையாளமும் அனுப்புங்கள், வீட்டில் கூட ஒருவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். வருபவர் கிளம்பும்போது ஒரு மெசேஜ், தாமதமானால் ஒரு மெசேஜ். மூன்று நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஆளுக்கொரு குறை சொல்ல வைக்காதீர்கள். விவரம் தெரிந்த ஒருவர் போதும்.

பொருளை எந்த நிலையில் வைத்திருப்பது என்பதிலும் நாணயம் இருக்கிறது. ஃபிரிட்ஜ் முந்தைய நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். ஐஸ் பிடிக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். பைக் நேர்மாறு. ஆள் வருமுன் ஸ்டார்ட் செய்து சூடேற்றி வைக்காதீர்கள். குளிர்ந்த என்ஜின் முதல் தடவையில் பிடிக்கிறதா, புகை வருகிறதா என்று பார்க்கத்தான் அவர் வருகிறார். தொட்டுப் பார்த்துச் சூடாக இருந்தால் அங்கேயே சந்தேகம் விழும்.

போனில் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கட்டும். வாங்குபவர் தன் சிம்மைப் போட்டு ஒரு கால் பேசி, ஸ்பீக்கர், மைக், இரண்டு கேமரா, வைஃபை, கைரேகை, சார்ஜ் ஏறுவது எல்லாம் பார்க்க இருபது நிமிடம் ஆகும், பொறுமையாக இருங்கள். *#06# அழுத்தினால் 15 இலக்க ஐஎம்இஐ எண் வரும். அது பெட்டியிலும் பில்லிலும் இருப்பதோடு பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு, மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் போட்டால் அந்த போன் முடக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று தெரியும். "சந்தேகப்படுறீங்களா?" என்று விற்பவர் முறுக்கிக்கொள்ள வேண்டாம். திருட்டு போன் கையில் இருந்து மாட்டிக்கொள்ளப்போவது வாங்கியவர்.

பைக்கை ஓட்டிப் பார்க்கக் கேட்பவர், தான் வந்த வண்டியின் சாவியையோ லைசென்ஸையோ கேட்காமலேயே கொடுத்துவிட்டு, ஹெல்மெட்டோடு, இரண்டு தெருவுக்குள் சுற்றி வருவது முறை. இன்ஷூரன்ஸ் காலாவதியான வண்டியை ஓட்டக் கொடுக்காதீர்கள்.

பிடிக்கவில்லை என்றால் அங்கேயே சொல்லுங்கள். "வீட்ல கேட்டுச் சொல்றேன்" என்று கிளம்பிவிட்டால் அவர் இரண்டு நாள் காத்திருப்பார். "எங்க இடத்துக்குக் கொஞ்சம் பெரிசா இருக்குங்க, காட்டினதுக்கு நன்றி" போதும்.

பணம்

யுபிஐயில் பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை, க்யூஆர் ஸ்கேன் செய்யவும் தேவையில்லை. இரண்டும் பணம் அனுப்பத்தான். "ராணுவத்தில் இருக்கேன், பார்க்க வர முடியாது, இந்தக் க்யூஆரை ஸ்கேன் பண்ணினா அட்வான்ஸ் உங்க அக்கவுன்டுக்கு வந்திடும்" என்று பேசுபவரிடம் மரியாதை காட்ட வேண்டியதில்லை, வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவு நல்லது.

நல்ல ஆட்களுக்குள் வரும் சிக்கல் வேறு. யுபிஐயில் பொதுவாக ஒரு நாள் வரம்பு ₹1 லட்சம், புதிதாகப் பதிவு செய்தவருக்கு முதல் 24 மணி நேரத்துக்கு ₹5,000. இது தெரியாமல் வந்து, பொருளை வண்டியில் ஏற்றிய பிறகு விழிப்பார்கள். முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள். விற்பவர் எதிராளி காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பாமல் தன் பேங்க் செயலியில் இருப்பைப் பார்க்க வேண்டும். வாங்குபவர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாமல் இரண்டு நிமிடம் நிற்க வேண்டும். ரொக்கம் என்றால் கொடுப்பவர் முன்னாலேயே எண்ணுங்கள். கார் விற்பவர்கள் கவனிக்க: ₹2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது.

கைமாற்றம்

போனை ரீசெட் செய்யுமுன் கூகுள் கணக்கை நீக்குங்கள். ஐபோன் என்றால் ஃபைண்ட் மை அணைத்து ஐகிளவுடிலிருந்து வெளியேறுங்கள். இதை விட்டுவிட்டால் வாங்கியவர் வீட்டுக்குப் போய் ஆன் செய்யும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். அவர் இரவு பத்து மணிக்குக் கூப்பிடுவார், நீங்கள் திருடனைப் போலப் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் கண்முன்னே புதிதாக செட்டப் செய்து முடிப்பதே நல்லது.

எந்தப் பொருளானாலும் ஒரு தாள் ரசீது எழுதுங்கள்: பொருள், மாடல், சீரியல் அல்லது ஐஎம்இஐ எண், தொகை, தேதி, நேரம், இருவர் பெயரும் கையெழுத்தும். "பார்த்துச் சரிபார்த்து வாங்கினேன்" என்று ஒரு வரி. சோதித்துப் பார்க்க இரண்டு நாள் தருவதாகப் பேசியிருந்தால் அதையும் எழுதுங்கள். அடையாளத்துக்கு ஆதார் நகல் கேட்டால், கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுத்து, நகலின் குறுக்கே "இந்த பைக் விற்பனைக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிவிடுங்கள்.

பைக்கில் இதோடு முடியாது. பெயர் மாற்றத்துக்கு படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் கையெழுத்து வேண்டும். கடனில் எடுத்த வண்டி என்றால் படிவம் 35-உம் பேங்க் கடிதமும் வாங்கி, ஆர்சியில் (வண்டியின் பதிவுச் சான்று) இருக்கும் கடன் பதிவை நீக்க, அதாவது ஹெச்பி கேன்சல் செய்ய வேண்டும். வெளி மாநிலத்துக்குப் போகும் வண்டிக்கு படிவம் 28-இல் என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று). பாக்கி இருக்கும் இ-சலான் அபராதங்களை விற்பவர் கட்டிவிடுவதுதான் முறை. மோட்டார் வாகனச் சட்டப்படி விற்றவர் 14 நாளுக்குள் ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். "அப்புறம் மாத்திக்கிறேன்" என்று வாங்கியவர் இழுத்தடிப்பது சின்ன விஷயமில்லை. ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து நஷ்ட ஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆகவே ஒரு தொகையை, உதாரணமாக ₹2,000, பெயர் மாறியதும் திருப்பித் தருவதாக விற்பவர் பிடித்து வைப்பது பல ஊரில் இருக்கும் வழக்கம். அதற்கு வாங்குபவர் முகம் சுளிக்கத் தேவையில்லை. இன்ஷூரன்ஸையும் 14 நாளுக்குள் மாற்ற விண்ணப்பிக்க வேண்டும்.

ஏற்றிச் செல்வது

குட்டி யானை வாடகையும் தூக்குகூலியும் வேறு பேச்சு இல்லாவிட்டால் வாங்குபவர் செலவு. ஃபிரிட்ஜை முந்தைய இரவே அணைத்து ஐஸ் கரைத்துத் துடைத்து வைப்பது விற்பவர் வேலை; ஓட்டிக் காட்ட வேண்டுமானால் பார்க்கும் நாளும் எடுக்கும் நாளும் வேறாக இருப்பது நல்லது. நிமிர்த்தியே கொண்டு போங்கள். படுக்க வைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். உடனே ஆன் செய்தால் கம்ப்ரஸர் கெடும், பழி விற்றவர் மேல் விழும். நிமிர்த்திக் கொண்டு வந்தாலும் சில மணி நேரம் விட்டு ஆன் செய்யுங்கள், படுக்க வைத்திருந்தால் ஒரு நாள் விடுங்கள். ஃபிரன்ட் லோட் வாஷிங் மெஷினுக்கு டிரான்ஸிட் போல்ட் என்று உண்டு, புதிதாக வந்தபோது பின்பக்கம் கழற்றிக் கொடுத்திருப்பார்கள். அதைத் தேடி எடுத்து மாட்டி அனுப்புங்கள். இல்லையென்றால் ஸ்பிரிங்கில் தொங்கும் டிரம் வழியெல்லாம் ஆடி உடைத்துக்கொள்ளும்.

முடிந்த பிறகு

அன்றைக்கே விளம்பரத்தை எடுத்துவிடுங்கள். வரிசையில் இருந்தவர்களுக்கு "வித்துடுச்சுங்க" என்று ஒரு வரி. வாங்கியவர் வீட்டில் வைத்து ஓட்டிப் பார்த்து "நல்லா ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டால் விற்றவருக்கும் நிம்மதி.

புகார் வந்தால் முதலில் கேளுங்கள், வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். சுவிட்ச், வோல்டேஜ் ஸ்டெபிலைசர் பிரச்சினையாகவும் இருக்கலாம். நீங்கள் மறைத்த குறை என்றால் ரிப்பேர் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள். உண்மையிலேயே பிறகு வந்த கோளாறு என்றால் வருத்தம் தெரிவித்து, தெரிந்த மெக்கானிக் எண்ணைக் கொடுங்கள். பணம் தர வேண்டிய கட்டாயம் இல்லை. வாங்கியவரும் ஆறு மாதம் கழித்துக் கூப்பிட்டுச் சண்டை போட முடியாது. ரசீதை இருவரும் பத்திரமாக வைத்திருங்கள். வண்டியில் பெயர் மாறி, பிடித்து வைத்த தொகையும் கொடுத்து முடிந்ததும், ஒருவர் போனில் இருக்கும் மற்றவரின் ஆதார், லைசென்ஸ் படங்களை அழித்துவிடுங்கள்.